தங்கவயல்: கொடிகள் மாறின, கையெழுத்து மாறவில்லை

(பேத்தமங்களாவில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பேத்தமங்களா ஏரியிலிருந்து தங்கவயலுக்குத் தண்ணீர் போன கதையை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலாற்று நீரைத் தேக்கி, வடிகட்டி, குழாய் வழியே சுரங்கங்களுக்கும் வெள்ளை அதிகாரிகளின் பங்களாக்களுக்கும் அனுப்புவதற்காகவே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே நீரேற்று நிலையம் அமைக்கப்பட்டது. மின்சாரம் 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து வந்தது. இந்நாட்டின் பெருநகரங்கள் பலவும் விளக்கெண்ணெயில் எரிந்துகொண்டிருந்த காலம் அது. லண்டனில் பதிவு செய்யப்பட்ட கம்பெனிகளுக்கு லாபம் தேவைப்பட்டபோது ஆற்றையும் அருவியையும் தங்கவயலுக்குக் கொண்டுவர முடிந்தது. 2001இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு அதே மண்ணின் மக்களுக்கு வேலை கேட்டால், ஆட்சியில் இருப்பவர் எவராயினும், "இயலாது" என்ற ஒரே பதில்தான் கிடைத்திருக்கிறது.

விடிவதற்கு முன் மாரிக்குப்பத்தில் புறப்பட்டு, சாம்பியன், உரிகம், கோரமண்டல் நிலையங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பெங்களூரு செல்லும் ரயிலில் பயணம் செய்யும் எவரும் ஒரு வாசகத்தைக் கேட்டிருப்பர்: "எல்லாக் கட்சியும் ஒண்ணுதாம்பா." சுரங்கத் தொழிலாளியின் மகனும் பேத்தியும் பெங்களூருவில் காவலாளியாகவும், கடை ஊழியராகவும், கட்டடத் தொழிலாளியாகவும் உழைத்துவிட்டு இரவில் திரும்பும் வழியிலும் இதையே சொல்கின்றனர். கட்சி உறுப்பினர்கள் வீடு வீடாகச் செல்லும்போது வாசலில் எதிர்கொள்வதும் இதைத்தான். பெரும்பாலும் அதற்கு எரிச்சலோடு பதில் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறோம். அது தவறு. இந்த வாசகம் அரசியல் அறியாமையிலிருந்து பிறந்ததன்று. எழுபது ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லாக் கட்சிகளையும் சோதித்துப் பார்த்த மக்களின் அனுபவம் அதில் இருக்கிறது. பாதி உண்மை இருப்பதனால்தான் அது ஆபத்தானதும் ஆகிறது.

இந்தத் தொகுதியைப் போல் பல நிறக் கொடிகளையும் ஏற்றிப் பார்த்த தொகுதி கர்நாடகத்தில் வேறு இருக்குமா என்பது ஐயமே. 1957இல் கம்யூனிஸ்ட் கட்சியின் எம்.சி.நரசிம்மன் இங்கே வென்றார். அம்பேத்கரிய இயக்கத்தின் சி.எம்.ஆறுமுகம் பலமுறை சட்டமன்றம் சென்றார். 1982இல் கோகாக் அறிக்கையை ஒட்டி எழுந்த மொழிப் பதற்றத்துக்கு அடுத்த ஆண்டே அண்ணா திமுகவின் எம்.பக்தவத்சலம் வென்றார். 1985இல் மார்க்சிஸ்ட் கட்சியின் டி.எஸ்.மணி. 1994இலும் 2004இலும் குடியரசுக் கட்சியின் எஸ்.ராஜேந்திரன், இடையே 1999இல் மீண்டும் பக்தவத்சலம். 2008இலும் 2013இலும் பாஜக. 2018இலும் 2023இலும் காங்கிரஸ். மக்களவைக்கோ 1991 முதல் 2014 வரை தொடர்ந்து ஏழு முறை காங்கிரசின் கே.எச்.முனியப்பாவைக் கோலார் அனுப்பியது. 2019இல் பாஜகவையும், 2024இல் பாஜகவின் கூட்டணியில் நின்ற ஜனதா தளத்தையும் அனுப்பியது.

இத்தனை மாற்றங்களுக்கு நடுவே சுரங்கம் பற்றிய கோப்பு எப்படி நகர்ந்தது என்று பார்த்தால், ரயிலில் கேட்கும் அந்த வாசகம் எங்கே உருவானது என்பது விளங்கும்.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. 1962இல் அவை ஒன்றிய அரசின் கைக்குச் சென்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. நாட்டுடைமை என்பது தொழிலாளி போராடிப் பெற்றதன் ஒரு பகுதி. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தவர்கள், 1946 நவம்பர் 4இல் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தோழர்களை இழந்தவர்கள், கே.எஸ்.வாசன் போன்றோர் கட்டிய சங்கத்தில் நிமிர்ந்து நின்றவர்கள் அந்தத் தொழிலாளிகள். ஆனால் நாட்டுடைமைக்குப் பிறகும் கணக்குப் புத்தகம் யாருக்காக எழுதப்பட்டது? பல ஆண்டுகள், இங்கே எடுத்த தங்கம் வெளிச்சந்தை விலையைவிட மிகக் குறைவான சர்வதேச நாணய நிதிய விலையில் ஒன்றிய அரசின் கையிருப்புக்குச் சென்றது. அரசுக் கருவூலம் லாபம் அடைந்தது. சுரங்கத்தின் ஏட்டில் அது நட்டமாக ஏறியது. பின்னர் அதே ஏட்டைக் காட்டித்தான் "நட்டத்தில் ஓடும் நிறுவனம்" என்றனர்.

தாதுவின் தரம் குறைந்துகொண்டே வந்தது உண்மை. மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், கொதிக்கும் பாறைக்கு நடுவே, பாறை வெடிப்பு அபாயத்தில் நடந்த வேலைக்குச் செலவு கூடியதும் உண்மை. இதை மறைத்துப் பேசுவது தொழிலாளிக்கு நன்மை செய்யாது. அவர்களே இதை எல்லோரையும்விட நன்றாக அறிவர். கேள்வி வேறு. சுரங்கம் ஓயும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தும், ஒரு நூற்றாண்டுக்கு மேல் சுமார் 800 டன் தங்கம் கொடுத்த ஊருக்கு மாற்று என்ன என்று எந்த அரசு திட்டமிட்டது?

1991இல் நரசிம்ம ராவின் காங்கிரஸ் அரசு புதிய தொழிற்கொள்கையைக் கொண்டுவந்தது. அதை ஒட்டி நலிந்த பொதுத்துறை நிறுவனங்களும் தொழில் மற்றும் நிதிச் சீரமைப்பு வாரியத்தின் வரம்புக்குள் இழுக்கப்பட்டன. 1992இல் தங்கவயல் அந்த வாரியத்தின் முன் நிறுத்தப்பட்டது. 2000இல் வாரியம் நிறுவனத்தைக் கலைக்கப் பரிந்துரைத்தது. 2001 பிப்ரவரி 28இல் வாஜ்பாயின் தேசிய ஜனநாயகக் கூட்டணி அரசு மூடியது. ஒரு கட்சி போட்ட கோட்டின் மீது மற்றொரு கட்சி நடந்தது, அவ்வளவே.

மூடப்பட்டதற்கு மறுநாள், மார்ச் 1இல், டெல்லியில் நடந்ததை நினைவுகூர வேண்டும். பால்கோ அலுமினிய நிறுவனத்தின் 51 சதவீதப் பங்குகளை ஸ்டெர்லைட்டுக்கு விற்பதை எதிர்த்த தீர்மானம் மக்களவையில் அன்று வாக்கெடுப்புக்கு வந்து, 119க்கு எதிராக 239 வாக்குகளில் தோற்றது. எதிர்க்கட்சி வரிசையில் இருந்த காங்கிரஸ் அன்று பொதுத்துறையின் காவலனாகப் பேசியது. பங்கு விற்பனையை 1991இல் தொடங்கியதே அக்கட்சியின் அரசுதான் என்பதை அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் மறக்கவில்லை.

அப்போது பெங்களூருவில் ஆட்சி நடத்தியது எஸ்.எம்.கிருஷ்ணாவின் காங்கிரஸ் அரசு. அதே மாநில அரசுக்குச் சொந்தமான ஹட்டி தங்கச் சுரங்க நிறுவனம் ராய்ச்சூர் மாவட்டத்தில் இன்றும் தங்கம் எடுத்துக்கொண்டிருக்கிறது. தங்கம் தோண்டத் தெரிந்த அரசு நிறுவனம் கைவசம் இருந்தும், கோலாரை ஏற்று நடத்த அம்மாநில அரசு முன்வரவில்லை. மூடியவர்கள் டெல்லிக்காரர்கள் என்று கைகாட்டுவது அதைவிட எளிதாக இருந்தது.

தமிழ் பேசும் தொழிலாளர்கள் சென்னையை நோக்கிப் பார்த்ததும் உண்டு. தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் அண்ணா திமுக. அவருடைய தலைமை தமிழ்நாட்டில் எதிர்க்கட்சி. திமுக அப்போது வாஜ்பாய் அமைச்சரவையிலேயே இடம் பெற்றிருந்தது. தமிழனின் உரிமை மேடைகளில் முழங்கிய காலத்தில்தான், வட ஆர்க்காட்டிலிருந்து குடிபெயர்ந்து வந்த, பெரும்பாலும் தலித்துகளான தமிழ்த் தொழிலாளர்களின் சுரங்கம் பூட்டப்பட்டது. அதற்காக எந்த அமைச்சரும் பதவி விலகவில்லை.

2006ஐ இதோடு ஒப்பிட்டால் கசப்பு இன்னும் கூடும். அவ்வாண்டு நெய்வேலி நிலக்கரி நிறுவனத்தின் பங்குகளை விற்க மன்மோகன் சிங் அரசு முடிவெடுத்தது. நெய்வேலித் தொழிலாளர்கள் திரண்டனர். ஆதரவை விலக்கிக்கொள்வோம் என்று திமுக எச்சரித்தது. விற்பனை நின்றது. அதே 2006இல் அதே அமைச்சரவை, தங்கவயலின் சொத்துகளை உலகளாவிய ஏலத்தில் விற்பதென்று முடிவு செய்தது. முன்னாள் தொழிலாளர் அமைப்புக்கு முன்னுரிமை என்று ஒரு வரியும் சேர்த்தது. அதிக விலை கேட்கும் கம்பெனியின் தொகைக்கு ஈடுகட்டினால்தான் அந்த முன்னுரிமை. ஐந்து ஆண்டுகளாகக் கூலி இல்லாத தொழிலாளியிடம் இப்படிச் சொல்வது சலுகையா, கேலியா? கோலார் தொகுதியின் மக்களவை உறுப்பினர் 2004 முதல் 2014 வரை அந்த ஒன்றிய அரசில் இணை அமைச்சராக இருந்தார். 2013இல் உச்ச நீதிமன்றமும் அந்த ஏல முடிவுக்கு ஒப்புதல் அளித்தது.

இங்கே இடதுசாரிகளும் தங்களை விலக்கி வைத்துப் பேச முடியாது. 2006இல் அந்த அரசு இடதுசாரிக் கட்சிகளின் வெளி ஆதரவில் நின்றது. பி.எச்.இ.எல். பங்கு விற்பனையைத் தடுத்து நிறுத்திய அதே வலிமை தங்கவயலுக்கு ஏன் பயன்படவில்லை? ஓடுகிற ஆலையைக் காப்பது வேறு, மூடிய சுரங்கத்தைத் திறப்பது வேறு என்ற பதில் நியாயமானதே. ஆனால் லைன் வீட்டில் சிலிகோசிசோடு இருமிக்கொண்டிருந்த முதிய தொழிலாளிக்கு அந்த வேறுபாட்டை நேரில் போய் விளக்கியவர்கள் எத்தனை பேர்? ஒரு காலத்தில் செங்கொடியும் நீலக்கொடியும் ஒரே சுரங்கத் தொழிலாளியிடம் எதிரெதிராக நின்று வாக்குக் கேட்டன. வர்க்கமா சாதியா என்று மேடையில் வாதிட்டபோது, இரண்டும் ஒரே உடலில் சுமக்கப்படுவதை அந்தத் தொழிலாளி அறிந்திருந்தார். அந்தப் பிளவின் நடுவில்தான் மற்றவர்கள் நுழைந்தனர்.

இது தங்கவயலின் தனித்துயரம் அன்று. தங்கவயலைத் தோண்டிய கம்பெனிகள் புறப்பட்டு வந்த பிரிட்டனிலேயே இதே கதையின் இன்னொரு பிரதி கிடைக்கிறது. கார்ன்வால் சுரங்கங்களின் தொழிலாளர்கள் அந்நாளில் இங்கே மேற்பார்வையாளர்களாக வந்தனர். அவர்களுடைய நாட்டில் நிலக்கரிச் சுரங்கங்களை மூடியவர் என்றால் எல்லோரும் மார்கரெட் தாட்சரின் பெயரைத்தான் சொல்வர். 1984-85 வேலைநிறுத்தத்தைப் போலீசை ஏவி நசுக்கியவர் என்பதால் அது இயல்பே. ஆனால் 1964 முதல் 1970 வரை ஆண்ட ஹெரால்டு வில்சனின் தொழிற்கட்சி அரசும் 200க்கு மேற்பட்ட சுரங்கங்களை மூடியிருந்தது. 1997 முதல் 13 ஆண்டுகள் ஆண்ட தொழிற்கட்சி, தாட்சர் விற்றவற்றை மீட்கவில்லை. சுரங்கத் தொழிலாளியாக இருந்து வந்த டென்னிஸ் ஸ்கின்னரை 1970 முதல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய போல்சோவர் தொகுதி 2019இல் கன்சர்வேடிவ் கட்சிக்குப் போனது.

2020இல் தொழிற்கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது கீர் ஸ்டார்மர் பத்து உறுதிமொழிகள் அளித்தார். ரயில், அஞ்சல், எரிசக்தி, குடிநீர் ஆகியவற்றைப் பொது உடைமையாக்குவது அவற்றில் ஒன்று. தலைமை கைக்கு வந்ததும் எரிசக்தியும் குடிநீரும் பட்டியலிலிருந்து நழுவின. 2024 தேர்தலில் வாக்களித்தவர்கள் சுமார் 60 சதவீதமே. அவர்களில் மூன்றில் ஒருவரின் ஆதரவோடு தொழிற்கட்சி 650 இடங்களில் 411ஐப் பெற்றது. ஆட்சிக்கு வந்த அதே மாதம், முதியோர் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ளப் பெற்றுவந்த உதவித்தொகையை மிக ஏழைகளுக்கு மட்டும் எனக் குறைத்தது. எதிர்ப்பு வலுத்த பின்னரே 2025இல் பெருமளவு பின்வாங்கியது.

அதற்குள் விலை கொடுத்தாகிவிட்டது. டர்ஹாம் என்பது நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் பூமி. 1919இல் தொழிற்கட்சி முதன்முதலாகக் கைப்பற்றிய கவுண்டி மன்றம். 2025 மே மாதம் அம்மன்றத்தின் 98 இடங்களில் நைஜல் பராஜின் சீர்திருத்தக் கட்சி 65ஐ வென்றது. தொழிற்கட்சிக்குக் கிடைத்தவை 4. பராஜ் லண்டன் உலோகச் சந்தையில் தரகராக இருந்தவர் என்பது சுரங்கத் தொழிலாளர்களுக்குத் தெரியாததன்று. இரு பெரிய கட்சிகளும் ஒன்றே என்று மனம் வெறுத்தவர்கள், வேறு எவரும் அருகில் இல்லாதபோது, குடியேறிகளைக் காட்டிப் பகையை மூட்டுபவனின் பின்னே சென்றனர்.

தங்கவயலும் இதற்கு விலக்கன்று. 2008 தொகுதி மறுசீரமைப்பில் பேத்தமங்களா தொகுதி கலைக்கப்பட்டு, சுற்றியுள்ள கிராமங்கள் தங்கவயலோடு இணைக்கப்பட்டன. சுரங்கத் தமிழரும் கிராமத்துத் தெலுங்கு, கன்னட விவசாயிகளும் ஒரே வாக்காளர் பட்டியலில் வந்தனர். அவர்களை இணைத்துப் பேசக்கூடிய ஒரு பொதுக் கோரிக்கையை எவரும் வைக்கவில்லை. முதல் அறுவடையைப் பாஜக எடுத்துக்கொண்டது. மதத்தையும் சாதிக் கணக்கையும் பணத்தையும் வைத்து இட்டு நிரப்பக்கூடிய வெற்றிடத்தை "எல்லாக் கட்சியும் ஒன்றுதான்" என்ற விரக்தியே உண்டாக்கித் தருகிறது. ஆளும் வர்க்கத்துக்கு அந்த வாசகத்தால் எந்த இழப்பும் இல்லை. தேர்தல் பத்திர விவரங்கள் 2024இல் வெளியானபோது, பால்கோவை வாங்கிய ஸ்டெர்லைட்டின் தாய்க் குழுமமான வேதாந்தா, பாஜகவுக்கும் காங்கிரசுக்கும் சேர்த்தே கொடுத்திருந்தது தெரியவந்தது. கம்பெனி இரு கட்சிகளையும் ஒன்றாகவே பார்க்கிறது. ஆனால் விரக்தி அடைவதில்லை.

இனி, கையில் இருக்கும் பிரச்சினைக்கு வருவோம். தங்கவயலைச் சுற்றி நிற்கும் 13 சயனைடு மேடுகளில் 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட கழிவு மண் குவிந்திருக்கிறது. சினிமாக்காரர்களுக்கு அவை அழகான பின்னணி. கோடைக் காற்றில் அந்தத் தூசியை மூச்சில் வாங்குபவர்களுக்கு அப்படியன்று. அந்த மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்க ஏலம் விட வேண்டும் என்பது ஒன்றிய பாஜக அரசின் திட்டம். 2024 ஜூனில், சித்தராமையாவின் காங்கிரஸ் அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது. நாடாளுமன்றத் தேர்தல் மேடைகளில், பொதுச் சொத்தை மோடி அரசு தனியாருக்கு விற்கிறது என்று காங்கிரஸ் முழங்கி ஓய்ந்து ஒரு மாதம்கூட முழுமையாக ஆகியிருக்கவில்லை. 2023-24இல் இந்தியா இறக்குமதி செய்த தங்கம் சுமார் 795 டன். தங்கவயல் தன் வாழ்நாளெல்லாம் கொடுத்த அளவு, ஒரே ஆண்டில் அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கப்படுகிறது. அப்படியிருக்க அந்த மேடுகளிலிருந்து தங்கம் எடுப்பதை இடதுசாரிகள் எதிர்க்க வேண்டியதில்லை. யார் எடுப்பது, யாருக்காக என்பதில்தான் வேறுபாடு.

ஹட்டி நிறுவனத்திடம் இந்த வேலையை ஏன் ஒப்படைக்கக் கூடாது? முன்னாள் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்கு நிரந்தர வேலை என்று ஏல நிபந்தனையில் எழுதப்படுமா, அல்லது ஒப்பந்தக் கூலிகளாகப் பெங்களூரு ரயிலுக்குப் பதில் வேறொரு வரிசையில் நிற்க வேண்டுமா? மேட்டைக் கலைக்கும்போது எழும் தூசிக்கு ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை மக்களுக்கு என்ன பாதுகாப்பு? லைன் வீடுகளில் மூன்று தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்குப் பட்டா எப்போது? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் பெற்று, அந்தப் பதிலை வீடு வீடாக எடுத்துச் செல்வது கட்சிக் கிளைகளின் உடனடி வேலை. வாசலில் "எல்லாக் கட்சியும் ஒன்றுதான்" என்று சொல்பவரிடம் வாதாடுவதைவிட, 1992, 2001, 2006, 2024 ஆகிய நான்கு ஆண்டுகளையும் கையெழுத்திட்ட அரசுகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் பேச்சைத் தொடங்கலாம். இடதுசாரிகளின் பங்கைப் பற்றி அவர் கேட்டால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பேத்தமங்களாத் தோழர்களுக்குத் தனியாக ஒரு பொறுப்பு உண்டு. கோடிக்கணக்கான டன் கழிவு மண்ணைக் கரைத்துத் தங்கம் பிரிக்கத் தண்ணீர் வேண்டும். வறண்ட கோலாரில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்பதற்கு இந்த ஏரிக்கரையில் இருப்பவர்களைவிடத் தகுதியானவர் எவரும் இல்லை. ஆயக்கட்டு விவசாயிகளையும் தங்கவயல் குடியிருப்போரையும் ஒரே கூட்டத்தில் அமர வைத்து இந்தக் கேள்வியை விவாதிக்க, வரும் மாதத்திலேயே நாள் குறிக்கப்பட வேண்டும்.